குஞ்சா, வளர்ந்ததா என்றறிய: பைனாகுலரா, ஜூம் கேமராவா?

குமரி மாவட்டத்துத் தக்கலை, குலசேகரம் பக்கத்து விளைகளில் (தோப்புகளில்), பலாவுக்கும் தென்னைக்கும் இடையே ஓரிரு நொடி தோன்றி மறையும் பறவை குஞ்சா, வளர்ந்ததா என்று அறிய விரும்புவோர் பலர், இவ்விரண்டில் எதை முதலில் வாங்குவது என்று தயங்குகிறார்கள்.

வேகம்: பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் பறவை தெரியும். கேமராவோ, லென்ஸ் நீண்டு, முன்னிருக்கும் இலையை விட்டுப் பறவையின் மீது ஃபோகஸ் ஆவதற்குள் கிளை காலியாகிவிடும்.

வெளிச்சம்: ரப்பர் நிழலிலும் மழை மூட்டத்திலும், 8 மடங்கு பெருக்கமும் 42 மி.மீ. முகப்பு வில்லையும் கொண்ட பைனாகுலரே தெளிவாகக் காட்டும்.

நுணுக்கம்: இதில் கேமராவின் கை ஓங்கியிருக்கிறது. செம்மீசைச் சின்னானின் குஞ்சுக்குக் கன்னத்துச் சிவப்பு இராது. வாலடியும் சிவக்காமல் வெளிறியிருக்கும். குண்டுகரிச்சான் குஞ்சின் மார்பில் பழுப்பு நிறச் செதில் குறிகள் காணப்படும். இவற்றையும், வாயோரத்து மஞ்சள் மடிப்பையும், படத்தைப் பெரிதாக்கி நிதானமாகச் சரிபார்க்கலாம். உருவ அளவை மட்டும் நம்ப வேண்டாம். கூட்டை விட்டு வந்த குஞ்சு ஏறக்குறைய தாயளவே இருக்கும், வால்தான் குட்டை.

நடத்தை: சிறகை நடுக்கி இரை கேட்பதைக் காணப் பைனாகுலர் போதும். ஆனால் காகம் ஊட்டுகிறது என்பதற்காகக் குயில் குஞ்சைக் காகக் குஞ்சாகக் குறித்துவிடக் கூடாது.

செலவு: நல்ல ஜூம் கேமராவைவிடப் பைனாகுலர் மலிவு, மின்கலமும் வேண்டாம்.

அன்றாடம் விளையில் நின்று பார்ப்பவருக்குப் பைனாகுலரே என் தேர்வு. பார்த்ததை, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் பதிந்து, பிறரிடம் காட்டி உறுதி செய்ய விரும்புபவர் கேமராவை வாங்கலாம்.