கொன்ட்ரோல் ஏ-யா, கொன்ட்ரோல் பி-யா: ஸ்கிரீன், டீமக்ஸ், ஸெலிஜ்

மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ இருந்துகொண்டு தூரத்துச் சேர்வரில் கட்டளைகளைத் தட்டி வேலை செய்பவருக்கு ஸ்கிரீன், டீமக்ஸ், ஸெலிஜ் என்ற மூன்றில் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரே கட்டளைத் திரைக்குள் பல ஜன்னல்களைத் திறக்கவும் பிரிக்கவும் விடும் மென்பொருள்கள் இவை. கரண்ட் போனால் மடிக்கணினி பற்றரியில் ஓடும். ரவுட்டர் நின்றுவிடும், சேர்வரோடு இணைக்கும் எஸ்எஸ்எச் தொடர்பு அறுந்துவிடும். சேர்வரில் இவற்றுக்குள் தொடங்கிய வேலை மட்டும் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றும் இதைச் செய்யும். வித்தியாசம் அதற்குப் பிறகுதான்.

ஸ்கிரீன் 1987இல் வந்தது. திரையைப் பிரித்து வேலை செய்யும்போது லைன் அறுந்தால், பிரித்த அமைப்பை (லேஅவுட்) சேமித்து வைக்காவிட்டால், திரும்பி வரும்போது பிரிப்பு இருக்காது. சிக்னல் வந்து வந்து போகும் ஊரில் இது சின்னக் குறை இல்லை.

2007இல் வந்த டீமக்ஸில் பிரிப்பு அப்படியே இருக்கும். அதன் கட்டளை விசை, அதாவது ஒவ்வொரு கட்டளைக்கும் முன் அழுத்த வேண்டியது, கொன்ட்ரோல் பி (ஆங்கிலத்தின் 2ஆம் எழுத்து). ஸ்கிரீனில் பழகிய விரல் கொன்ட்ரோல் ஏ-யைத்தான் தேடும். அதை மாற்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். ஆனால் நாம் கட்டளைகளைத் தட்டும் பாஷில் வரியின் தொடக்கத்துக்குப் போவதும் கொன்ட்ரோல் ஏ-தான். அதனால் கட்டளை விசையை உள்ளே அனுப்பும் 'சென்ட்-பிரிஃபிக்ஸ்' கட்டளையை ஏ-க்குக் கொடுத்து இன்னொரு வரியும் சேருங்கள். கொன்ட்ரோல் ஏ, பிறகு ஏ என்று அழுத்தினால் பாஷுக்குப் போய்விடும்.

மடிக்கணினியின் டீமக்ஸுக்குள் சேர்வரின் டீமக்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்று ஓடும்போதுதான் உண்மையான தலையிடி. பலர் ஒரே அமைப்புக் கோப்பை எல்லாச் சேர்வருக்கும் கொப்பி பண்ணுகிறார்கள். அப்போது எதை அழுத்தினாலும் வெளியே இருப்பதே பிடித்துக்கொள்ளும். என் பரிந்துரை: உங்கள் மடிக்கணினியில் மட்டும் கட்டளை விசையைக் கொன்ட்ரோல் ஏ-க்கு மாற்றுங்கள், சேர்வரைத் தொடாதீர்கள். கொன்ட்ரோல் ஏ, சி என்றால் இங்கே புது ஜன்னல். கொன்ட்ரோல் பி, சி என்றால் அங்கே. பலர் பாவிக்கும் சேர்வரில் யாருடைய பழக்கத்தையும் குழப்பவும் மாட்டீர்கள். அங்கே ஸ்கிரீன் மட்டும்தான் இருக்கிறதா? கொன்ட்ரோல் ஏ, ஏ, அப்புறம் ஸ்கிரீனின் விசை. ஒரு தட்டுத்தான் கூட.

மூன்றடுக்கு வந்துவிட்டால் எஃப்12 வழி நல்லது: ஒருமுறை அழுத்தினால் வெளி டீமக்ஸ் தன் விசைகளை எல்லாம் விட்டுவிடும், மறுபடி அழுத்தினால் திரும்ப எடுத்துக்கொள்ளும். இது தானாக வராது, நீங்கள்தான் எழுத வேண்டும். அந்த நிலையில் கீழ்ப்பட்டையின் நிறம் மாறும்படியும் செய்யுங்கள். இல்லாவிட்டால் எந்த அடுக்கில் தட்டுகிறோம் என்றே தெரியாது.

ஸெலிஜ் புதியது, 2021இல் வந்தது. என்ன அழுத்தலாம் என்று திரையின் அடியிலேயே காட்டும். அறிவியல்நகரில் முதல்முறை லினக்ஸைத் தொடும் மாணவருக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் முந்தைய கட்டளையை எடுக்கும் கொன்ட்ரோல் பி-யை (ஆங்கிலத்தின் 16ஆம் எழுத்து) பிரிப்பு வேலைக்கு அதுவே எடுத்துக்கொள்ளும். கொன்ட்ரோல் ஜி அழுத்திப் பூட்டினால் விசைகள் எல்லாம் உள்ளே போகும். உள்ளே இன்னொன்று ஓடினாலும் அதே பூட்டுத்தான். புதிய பதிப்புகளில் பூட்டிய நிலையிலேயே தொடங்கும் அமைப்பும் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். பல சேர்வர்களில் இது இருக்காது என்பதால், மடிக்கணினியில் ஸெலிஜும் சேர்வரில் மாற்றாத டீமக்ஸுமாக வைத்துக்கொள்ளலாம்.