வழக்கறிஞர் சங்கப் பொறுப்பாளர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி: கட்டிய பணத்துக்குத் தகுமா?

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்ட பின்னரும், தொழில் சார்ந்த பயிற்சி என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போவதே எங்களில் பலருக்கு நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஆகவே, அயல்நாட்டு வழக்கறிஞர் அமைப்புகளின் ஒத்துழைப்போடு நம் சங்கங்களை வலுப்படுத்துவது பற்றி ஒரு தனியார் நிறுவனம் மதுரையிலேயே பயிற்சி நடத்துகிறது என்று அறிந்ததும், 3,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிச் சங்கங்களின் பொறுப்பாளர்கள் உட்பட ஏறத்தாழ நாற்பது பேர் வந்திருந்தோம்.

முதல் நாள் காலை அமர்வு ஏமாற்றமே. கையேடு முழுவதும் ‘தேசிய வழக்கறிஞர் சங்கம்’ என்ற ஒரே அமைப்பு உரிமம் வழங்கும், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், உறுப்பினர்களுக்காகக் குரலும் கொடுக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவும் ஒழுங்கு நடவடிக்கையும் மாநில பார் கவுன்சிலிடம் இருக்கின்றன. அதற்கு மேல் இந்திய பார் கவுன்சில் இருக்கிறது. சங்கங்களோ நாமாகச் சேர்ந்து நடத்துபவை. அயல்நாட்டுச் சட்டப் படிப்பைப் பரஸ்பர அடிப்படையில் அங்கீகரிப்பதும் இந்திய பார் கவுன்சிலின் வேலைதான். வெளியிலிருந்து வருபவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையே சொல்லாமல் இரண்டு மணி நேரம் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசியது எனக்கு வியப்பாக இருந்தது.

மதியம் வந்த பயிற்றுநர் ஆளே வேறு. வழக்கறிஞர்கள் தமக்கெனச் சுயாட்சி கொண்ட சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்று கூறும் 1990ஆம் ஆண்டின் ஐ.நா. ஹவானா கோட்பாடுகளைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டு, நேரே ஆப்கானிஸ்தானுக்குப் போனார். 1947இல் தோன்றிய பன்னாட்டு வழக்கறிஞர் சங்கத்தின் உதவியோடு 2008இல் அங்கே ஒரு சுயேச்சையான சங்கம் உருவானது. 2021 நவம்பரில் தாலிபான்கள் அதன் காபூல் அலுவலகத்தைக் கைப்பற்றினர், உரிமம் வழங்கும் அதிகாரம் நீதி அமைச்சகத்துக்குப் போனது. ‘அலுவலகம் போன பிறகு அந்தச் சங்கத்தில் மிஞ்சியது என்ன?’ என்று கேட்டு, ஒவ்வொருவரையும் அரைப் பக்கம் எழுதச் சொன்னார். பின்வரிசையில் இருந்த ஒரு சீனியர், ‘உறுப்பினர்கள்’ என்று ஒரே சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டுத் தேநீருக்குப் போய்விட்டார். அன்று எழுதப்பட்டவற்றில் அதுவே சிறந்த விடை என்பது என் கருத்து.

கட்டணம் வீண் போகவில்லை என்று தோன்றியது இரண்டாம் நாள்தான். 1974இல் அமைந்த இலங்கை வழக்கறிஞர் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்வதாகக் கற்பனை செய்துகொண்டு, அதன் வரைவை ஐந்தைந்து பேராக எழுதினோம். எங்கள் குழு முதல் வரியிலேயே ‘இரு தரப்பு நல்லுறவை மேம்படுத்துதல்’ என்று எழுதியதைப் பயிற்றுநர் சிவப்பு மையால் அடித்து, ‘யார், எந்தத் தேதிக்குள், யார் செலவில்?’ என்று ஓரத்தில் குறித்தார். ஆண்டுக்கு இரண்டு ஜூனியர்களை ஆறு வாரங்களுக்குப் பரிமாறிக்கொள்வது என்று மாற்றினோம். அங்கிருந்து வரும் ஜூனியர் இங்கே வக்காலத்தில், அதாவது கட்சிக்காரர் சார்பில் வழக்காடும் அதிகாரப் பத்திரத்தில், கையெழுத்திட முடியுமா என்று அடுத்த கேள்வி வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய பாலாஜி வழக்கில், அயல்நாட்டு வழக்கறிஞர்கள் இங்கே தொழில் நடத்த முடியாது, கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்ல எப்போதாவது வந்து போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 13 அன்று தீர்ப்பளித்ததை நினைவூட்டி, ‘பார்வையாளராக’ என்ற சொல்லை எங்களையே சேர்க்கச் செய்தார்.

பிறகு செலவுக் கணக்கு. சந்தாவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றோம். சந்தா கட்டுவோர் எத்தனை பேர் என்று கேட்டதும், எங்கள் குழுவிலிருந்த ஒரு செயலாளர் பையிலிருந்து உறுப்பினர் பதிவேட்டை எடுத்தார். பைண்டிங் விட்டுப்போன அந்தப் பேரேட்டில், நீதிபதியாகிப் போனவர்களின் பெயரும் காலமானவர்களின் பெயரும் அடிக்கப்படாமல் இருந்தன. அயல்நாட்டு அமைப்பு எதுவானாலும் முதலில் கேட்பது தணிக்கை செய்த கணக்கையும் இந்தப் பட்டியலையும்தான் என்றார் பயிற்றுநர். யாரும் சிரிக்கவில்லை, எங்கள் சங்கத்துப் பேரேடும் அதே நிலையில்தான் இருக்கிறது.

பெருங்குறை ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பற்றி இரண்டு நாளும் ஒரு வார்த்தை இல்லை. 2010ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அயல்நாட்டு நிதியைத் தொடவே முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் புது டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். வந்ததை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. தலைமைச் சங்கம் நிதி வாங்கித் தாலுகாச் சங்கங்களுக்குப் பிரித்துத் தரலாம் என்று கையேட்டில் அச்சிட்டிருப்பதை நம்பி யாரேனும் இறங்கினால், வீண் சிக்கல்.

சாப்பாடு பரவாயில்லை. இரண்டாம் நாளுக்காக மட்டும் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பேன். சேர எண்ணுவோர், பணம் கட்டுமுன் தமிழ்க் கையேடு தயாரா என்று கேட்டுக்கொள்ளவும். எங்களுக்கு ஆங்கிலக் கையேடு மட்டுமே கிடைத்தது, ‘தமிழ் அச்சில் இருக்கிறது’ என்று பயிற்சி நடத்திய நிறுவனத்தார் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது.