கோடை விழாச் சுற்றுக்கு சென்ஹைசர் எச்டி 25: கேபிள் போனாலும் செட் நிற்காது

மே கடைசியில் டெட்ராய்ட்டின் ஹார்ட் பிளாசாவில் மூவ்மென்ட் இசை விழா. ஜூனில் பார்சிலோனாவில் சோனார். ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாம் ஓரத்துக் காட்டுப் பூங்காவில் டெக்மான்டல். இப்படி வாரத்துக்கு ஒரு நாடு என்று ஓடும் டிஜேக்கு மேடையில் சொந்தமாக எதுவும் இருக்காது. பிளேயர், மிக்ஸர், பூத் மானிட்டர் (டிஜே தான் கேட்பதற்கென்று பக்கத்தில் வைக்கும் ஸ்பீக்கர்) எல்லாம் ஒப்பந்தப்படி விழாக்காரர்கள் வாடகைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் பயனியரின் சிடிஜே-3000 பிளேயர்கள், கூடவே டிஜேஎம் வரிசையில் ஒரு மிக்ஸர். டிஜே கையில் கொண்டுபோவது யூஎஸ்பியும் ஹெட்ஃபோனும்தான். யூஎஸ்பியை நாலு பிரதி எடுத்து நாலு பையில் போட்டுவிடலாம். ஹெட்ஃபோனுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் சுற்றுப் பயணத்துக்கு ஹெட்ஃபோன் வாங்கும்போது ஒலித்தரத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரண்டு செட்டுக்கு, அதாவது இரண்டு மேடை நிகழ்ச்சிக்கு நடுவில், வெறுங்கையால் இதைப் பழுது பார்க்க முடியுமா? அந்தக் கேள்விக்கு எச்டி 25 போல நேராகப் பதில் சொல்லும் ஹெட்ஃபோன்கள் மிகக் குறைவு.

1988இல் வந்த மாடல் இது. படப்பிடிப்புக் குழுக்களும் ஒலிப்பதிவாளர்களும் பயன்படுத்தத் தொடங்கி, பிறகு டிஜேக்கள் கைக்கு வந்தது. 2016இல் லைட், சாதா, பிளஸ் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆனாலும் அடிப்படை வடிவம் மாறவில்லை. கேபிள் இல்லாமல் எடை 140 கிராம், மின்தடை 70 ஓம். காதைச் சுற்றி மூடாமல் காதின் மேலேயே அழுந்தி உட்காரும் மூடிய வகை. தலைப்பட்டை இரண்டாகப் பிளந்து விரியும், அப்படி விரித்துப் போட்டால் எவ்வளவு குனிந்தாலும் நழுவாது. ஒரு காதுக் கிண்ணம் பின்பக்கமாகத் திரும்பும் என்பதால் ஒரு காதில் க்யூவும் (அடுத்துப் போடவிருக்கும் பாட்டு, டிஜேக்கு மட்டும் கேட்பது) மறு காதில் மானிட்டருமாகக் கேட்கலாம்.

திறந்தவெளி மேடையில் இந்த அழுத்தமான மூடல் ஏன் தேவை என்பதைக் கணக்கு போட்டே பார்க்கலாம். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். கூட்டத்தை நோக்கிய பிரதான ஸ்பீக்கர்கள் டிஜே நிற்கும் இடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால், அவற்றின் ஒலி 58 மில்லி வினாடி தாமதித்து வந்து சேரும். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 தாளம்) பாட்டில் ஒரு தாளத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 469 மில்லி வினாடி. அதாவது தாளத்தில் எட்டில் ஒரு பங்கு பிந்துகிறது. அந்த ஒலியை நம்பி இரண்டு பாட்டின் தாளத்தைச் சேர்த்தால், இரண்டின் கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) தடதடவென்று மோதும். ஆகவே பக்கத்திலிருக்கும் பூத் மானிட்டரும் ஹெட்ஃபோனும் மட்டுமே துணை. மானிட்டர் சரியில்லாத மேடைகளும் உண்டு. அங்கே மாஸ்டர் (கூட்டத்துக்குப் போகும் ஒலி), க்யூ இரண்டையும் ஹெட்ஃபோனிலேயே கலந்து கேட்டுச் சமாளிக்க வேண்டியிருக்கும். எச்டி 25இன் ஒலி அப்பட்டமாக முன்னே வரும். கிக்கின் அடியும் ஹை-ஹேட் என்ற டிரம் தட்டின் நுனியும் தனித்தனியாகக் கேட்கும். வீட்டில் சாவகாசமாகப் பாட்டுக் கேட்க இதைவிட இதமான ஹெட்ஃபோன்கள் நிறைய உண்டு, இரைச்சலுக்கு நடுவே தாளம் பிடிக்க இது போதும்.

மூடல் நன்றாக இருப்பதன் பெரிய லாபம் காதுக்குத்தான். அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வந்துவிட்டால் அன்றைக்கு மொத்தமே 15 நிமிடம். கோடை முழுக்க வாரம் மூன்று செட் வாசிப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெளி இரைச்சலை ஹெட்ஃபோன் தடுக்கும்போது க்யூ அளவைக் கூட்ட வேண்டிய அவசியமும் குறைகிறது. பாட்டு மாற்றும் நேரம் தவிர மற்ற நேரத்தில் பூத் மானிட்டரைத் தணித்து வைக்கவும். ஒரு காதில் ஹெட்ஃபோன் இருந்தால், திறந்த காதில் இசைக்கலைஞர்களுக்கான ஃபில்டர் காதடைப்பான் இருக்கட்டும். இந்த ஹெட்ஃபோன் 120 டெசிபல் வரை கத்தக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி எது கெடும் என்று பார்ப்போம். முதலில் போவது கேபிள். அதிலும் கிண்ணத்துக்குள் செருகும் இரட்டை முள் பிளக் இருக்கும் இடம். வியர்வை உள்ளே இறங்கி முள்ளில் படியும், ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கும். அப்படி ஆனால் பதற வேண்டாம். பிளக்கைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் உடம்பைப் பிடித்து நேராக உருவவும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முள்ளைத் துடைத்து, காய்ந்ததும் திரும்பச் செருகவும். அப்படியும் சரியாகவில்லையா? கேபிளைப் பட்டையிலிருந்து விடுவித்து, இரண்டு பிளக்கையும் பக்கம் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஒலி போன பக்கமும் சேர்ந்து மாறினால் பழுது கேபிளில். மாறாமல் அதே கிண்ணம் ஊமையாக இருந்தால் பழுது அந்தக் கிண்ணத்தில். இரண்டுமே தனியாக விற்கின்றன, இரண்டையுமே கையால் மாற்றலாம். சாதா மாடலோடு வரும் 1.5 மீட்டர் கேபிளின் உள்கம்பி ஸ்டீல். இழுவைக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் ஸ்டீலில் ஈயம் லேசில் ஒட்டாது. மேடைக்குப் பின்னால் சால்டரிங் செய்ய முயன்று நேரத்தை வீணாக்காமல், உதிரிக் கேபிள் ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருங்கள். மடிக்கும்போது கேபிளைத் தலைப்பட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பிளக் அருகே ஒரே இடத்தில் மடிந்து மடிந்து அங்கேதான் அறும்.

அடுத்தது காதுப் பேட். செயற்கைத் தோல் வியர்வையிலும் வெயிலிலும் காய்ந்து செதில் செதிலாக உரியும். கறுப்புத் துகள் காதில் ஒட்டினால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். பேட் தட்டையாகிவிட்டால் மூடலும் பாஸும் சேர்ந்தே குறையும். பழைய ஹெட்ஃபோன் சத்தம் சரியில்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள் முதலில் பேட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். வெல்வெட் போன்ற துணிப் பேட்டும் கிடைக்கிறது. வியர்வைக்கு இதம்தான், ஆனால் வெளிச்சத்தம் கூடுதலாக உள்ளே வரும். பெரிய மேடைக்குத் தோல் பேட்தான் சரி. அதை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், சீக்கிரம் வெடிக்கும். ஈரத்துணி போதும். குரோவேஷியாவின் ஸ்ர்சே கடற்கரை போன்ற இடங்களில் உப்புக்காற்றும், போர்ச்சுகலின் இடான்யா-அ-நோவாவில் கோடைப் புழுதியும் வேலையைக் காட்டும். செட் முடிந்ததும் துடைத்து, ஆற விட்டு, அப்புறம் பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, அது வேறு ஊருக்குப் போய்விட்டால் இரவு செட்டுக்குக் கடன் ஹெட்ஃபோன் தேட வேண்டிவரும்.

மிக்ஸரின் பெரிய ஜாக்கில் செருகுவதற்கான 6.3 மில்லிமீட்டர் அடாப்டர் திருகு வகை. குதிக்கும் மேடையில் தளரும். மிக்ஸரின் முன் விளிம்பில் ஜாக் உள்ள மாடல்களில் இடுப்பு இடித்து வளையவும் செய்யும். டிஜேஎம்-900 நெக்ஸஸ் 2இல் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கும் இருப்பதால் அங்கே அடாப்டரே வேண்டாம். மற்ற இடங்களுக்கு இரண்டு உதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. காதின் மேல் அழுந்துவதால் மூன்று மணி நேர செட்டில் காது மடல் வலிக்கும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு வலி சீக்கிரமே தொடங்கும். புதிதில் பிடி இன்னும் இறுக்கம். நீண்ட செட் வாசிப்பவர்களுக்குக் காதைச் சுற்றி மூடும் பயனியர் எச்டிஜே-எக்ஸ்10 சுகமானது, ஆனால் எடை இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஐயாயாயின் டிஎம்ஏ-2வும் பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டக்கூடியது, நல்ல போட்டி. சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம், அதன் தாமதத்தில் தாளம் சேராது.

வாங்குவதானால் சாதா எச்டி 25 போதும். லைட்டில் கிண்ணம் திரும்பாது, பிளவுபட்டையும் இல்லை, டிஜே வேலைக்கு அது ஒத்துவராது. பிளஸ்ஸில் சுருள் கேபிள், கூடுதலாக ஒரு ஜோடி பேட், பை ஆகியவை சேர்ந்து வரும். உதிரியைத் தனியாக வாங்கும் எண்ணம் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டியல் விலை அமெரிக்காவில் பல காலம் 150 டாலரை ஒட்டியே இருந்தது. அதைவிடப் பாதிக்கும் கீழே 'புதியது' என்று வந்தால் ஒதுங்கிவிடுங்கள், இந்த மாடலுக்குப் போலிகள் ஏராளம். போலியில் அசல் உதிரிகள் சரியாகப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, அப்படியானால் இதை வாங்கும் காரணமே போய்விடும்.