இயக்குநர் மீதே புகார் வந்தால்? நாடகக் குழுக்களுக்கு முன் நிற்கும் நான்கு வழிகள்

வார இறுதியில் மட்டும் கூடி, கைக்காசைப் போட்டு நாடகம் நடத்தும் குழுக்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பள்ளி வகுப்பறையிலோ யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ ஒத்திகை நடக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று மேடை ஏறினால் அதிகம். யாருக்கும் சம்பளம் கிடையாது. இந்தக் குழுக்களில் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு விதிமுறை வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான்கு யோசனைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. வழக்கம்போல் இயக்குநர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஒன்று. எல்லோரும் ஒரு பக்க உறுதிமொழியில் கையெழுத்துப் போடலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது, அமெரிக்காவின் சிகாகோ நகரக் குழுக்கள் வகுத்துக்கொண்ட முறை. நான்காவது, சட்டம் சொல்லும் புகார்க் குழு.

நான்கையும் நிறுத்துப் பார்க்க என்னிடம் இருப்பது ஒரே படிக்கல்: புகாருக்கு ஆளானவர் இயக்குநராகவே இருந்தால் அந்த ஏற்பாடு என்ன செய்யும்? ஒத்திகைக்குத் தாமதமாக வரும் கல்லூரி மாணவனைக் கண்டிக்க எந்த ஏற்பாடும் போதும். அதற்காக யாரும் விதி எழுத உட்கார வேண்டியதில்லை.

வாத்தியார் சொல்லே விதி

முதல் வழியை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. ஏழெட்டுப் பேர் கொண்ட, பல வருடங்கள் பழகிய குழுவில் அது நன்றாகவே வேலை செய்கிறது. மனத்தாங்கல் வந்தால் தேநீர்க் கடையில் பத்து நிமிடம் பேசித் தீர்த்துவிடுவார்கள். இயக்குநர் நிதானமானவராக இருந்தால் எந்தக் காகிதமும் தராத பாதுகாப்பை அவர் தருவார். ஆனால் அந்தப் பாதுகாப்பு அவருடைய குணத்தைச் சார்ந்தது. அவர் மாறினாலோ, குழுவுக்கு வேறொருவர் தலைமை ஏற்றாலோ அது போய்விடும்.

இந்த வழிக்கு ஒரு வரலாறும் உண்டு. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்ற பாலர் கம்பெனிகளில், சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, உண்டு, பாடம் கற்றார்கள். வாத்தியார் சொல்லுக்கு அங்கே மேல்முறையீடு கிடையாது. அடி உதையும் பயிற்சியின் பகுதியாகவே கருதப்பட்ட காலம் அது. அதற்கு முன்பே, 1891இல், பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கியிருந்தார்கள். அதில் நடித்தவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். பிழைப்புக்கு நாடகத்தை நம்பாதவர்கள். அது சந்தா, உறுப்பினர், நிர்வாக சபை என்று நடந்த அமைப்பு.

இன்றைய தன்னார்வக் குழுக்கள் எந்த வழியில் வந்தவை? சம்பளமில்லாமல் ஆசைக்காக நடிப்பது சபா வழி. அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில் இருப்பது கம்பெனி வழி. சோறு போட்ட கம்பெனி கேட்ட கீழ்ப்படிதலை, பஸ் கட்டணம்கூடத் தராத குழுவும் கேட்கிறது. இது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படும்.

அதற்குமேல் உறவுமுறை வேறு. பெரும்பாலான குழுக்களில் இயக்குநர் ‘அண்ணன்’; இடதுசாரிக் குழுக்களில் ‘தோழர்’; வயதில் மூத்தவராக இருந்தால் ‘ஐயா’. அண்ணன் என்று அழைத்துப் பழகிய ஒருவர் மீது புகார் சொல்வது வீட்டுச் சண்டையைத் தெருவுக்கு இழுப்பது போலத்தான் ஊரார் கண்ணுக்குத் தெரியும். ‘பிடிக்கவில்லையென்றால் போய்விடலாமே, யார் தடுத்தார்கள்?’ என்பார்கள். உண்மையில் நடப்பதும் அதுதான். ஒரு பெண் வருவதை நிறுத்திவிடுவார். ‘கல்யாணம் நிச்சயமாகியிருக்கும்’, ‘வேலை மாறியிருக்கும்’ என்று குழு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும். ஏன் போனார் என்று கேட்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. என் படிக்கல்லுக்கு முன் முதல் வழி இந்த இடத்தில் தோற்றுப்போகிறது.

ஒரு பக்க உறுதிமொழி

செலவில்லாதது, ஒரு மாலையில் எழுதி முடித்துவிடக்கூடியது. அதனாலேயே பல குழுக்கள் இதோடு நின்றுவிடுகின்றன. ‘அனைவரையும் மரியாதையுடன் நடத்துவேன்’ என்ற வரியில் கையெழுத்திட யார்தான் மறுப்பார்கள்? மற்றவரைக் குத்திக் காட்டியே பேசுபவரும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவார். தான் மரியாதையானவர் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்காது.

உறுதிமொழிக்கு உயிர் வருவது, அது குழுவின் அன்றாடத்துக்குள் இறங்கும்போதுதான். ‘உடல்ரீதியான எல்லைகளை மதிப்பேன்’ என்று எழுதுவதைவிட, ‘நடிகையின் ஆடையில் மைக் பொருத்துவதை அவரே செய்வார், அல்லது அவர் சொல்பவர் செய்வார்’ என்று எழுதுவது பயனுள்ளது. ‘தனியுரிமையைக் காப்போம்’ என்பதைவிட, ‘உடை மாற்றும் இடத்தில் கைபேசியை வெளியே எடுக்கக் கூடாது’ என்பது தெளிவு. பள்ளிகளிலும் திறந்தவெளியிலும் நாடகம் போடும் குழுக்களுக்குத் தனி ஒப்பனை அறை வாய்ப்பதே இல்லை. மேசைகளை அடுக்கி, குறுக்கே ஒரு சேலையைக் கட்டி மறைப்பு செய்துகொள்வார்கள். அந்தச் சேலைக்கு அந்தப் பக்கம் யார் எப்போது போகலாம் என்பது எழுதப்பட வேண்டிய விஷயம்.

இதே அளவுக்கு எழுதப்பட வேண்டியவை இன்னும் உண்டு. ஒப்பனை போடும்போது நிறத்தைப் பற்றிய கேலி. வட்டார வழக்கைத் திருத்துகிறேன் என்று ஒருவருடைய ஊரையும் சாதியையும் சுரண்டிப் பார்ப்பது. வேலைக்காரர் வேடமென்றால் எப்போதும் ஒரே ஆளைக் கைகாட்டுவது. இரவு பதினொரு மணிக்குத் தனிச் செய்தியில் ‘உன் நடிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்’ என்று தொடங்குவது. ஒத்திகை முடிந்ததும் கூட்டுவதும் தம்ளர் கழுவுவதும் பெண்கள் தலையிலேயே, அல்லது புதிதாக வந்தவர்கள் தலையிலேயே விழுவது. கடைசி பஸ் போன பிறகு ஒத்திகையை முடித்துவிட்டு, தொலைவிலிருந்து வருபவரைப் பற்றிக் கவலைப்படாமல் கிளம்பிப் போவது. கடைசி இரண்டையும் ‘நடத்தை’ என்ற தலைப்பில் யாரும் சேர்ப்பதில்லை. மரியாதைக் குறைவை உடலில் உணர்வது அங்கேதான்.

தொடுதல் பற்றிய விதி தமிழ்க் குழுக்களுக்குக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. 1980இல் சென்னைக்கு அருகே உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை, உடலை முதன்மையாகக் கொண்ட பயிற்சிகள் இங்கே பரவுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. வசனத்தை நின்ற இடத்தில் ஒப்பிக்கும் வழக்கத்திலிருந்து நம் நாடகத்தை மீட்டதில் அத்தகைய பயிற்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் மேல் ஒருவர் சாய்வதையும் ஒருவரை ஒருவர் தூக்குவதையும் தொடங்கும் முன் கேட்டுச் செய்வது என்ற பழக்கம் அவற்றோடு சேர்ந்து பரவவில்லை. ‘வெட்கப்பட்டால் நடிகராக முடியாது’ என்ற ஒரே வாக்கியத்தில் எத்தனையோ தயக்கங்கள் அமுக்கப்பட்டிருக்கின்றன.

சரி, இத்தனையும் எழுதியாகிவிட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது. மீறியவர் இயக்குநர் என்றால்? உறுதிமொழித் தாள்கள் இருப்பதே அவருடைய மேசை இழுப்பறையில்தான்.

சிகாகோ வழி

2015இல் சிகாகோவில் லாரா ஃபிஷர், லோரி மையர்ஸ் என்ற இரு நடிகைகள் ‘எங்கள் வீட்டில் வேண்டாம்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நடிகர் சங்கத்தின் ஒப்பந்தப் பாதுகாப்பு இல்லாத சிறு அரங்குகளில் நடக்கும் அத்துமீறல்களே அவர்களுடைய கவலை. மறு வருடம் அந்நகரின் ஒரு சிறு அரங்கில் பல ஆண்டுகளாக நடந்தவற்றை ஒரு வாராந்திரப் பத்திரிகை விரிவாக வெளியிட்டது. சில நாட்களில் அந்த அரங்கே மூடப்பட்டது. பல குழுக்கள் சேர்ந்து உருவாக்கி, சோதனையாக நடத்திப் பார்த்த நெறிமுறைத் தொகுப்பு 2017 இறுதியில் வெளியானது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தலாம். சட்ட வலு கிடையாது. ஏற்றுக்கொண்ட குழுவைக் கண்காணிக்கும் அமைப்பும் கிடையாது.

அதில் நான் முக்கியமாகக் கருதுபவை இரண்டு. முதலாவது, நடிகர்கள் தங்களுக்குள்ளிருந்தே ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது. இயக்குநர் நியமிக்கும் ஆள் அல்ல அவர். மற்றவர்களின் மனத்தாங்கலை எடுத்துச் செல்வது அவர் வேலை. தீர்ப்புச் சொல்வது அல்ல. இரண்டாவது, புகார் ஏறும் படிக்கட்டு. முதலில் பிரதிநிதி அல்லது மேடை மேலாளர். அங்கே தீராவிட்டால் நிர்வாகத்தில் உள்ளவர்கள். ஒவ்வொரு படியிலும் யார் என்ற பெயரும் தொடர்பு எண்ணும் எழுத்தில், எல்லோர் கையிலும். புகாருக்குரியவரே ஒரு படியில் நின்றால் அவரைத் தாண்டி அடுத்த படிக்குப் போகலாம். என் படிக்கல்லுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் முதல் ஏற்பாடு இது.

நடிகர் தேர்வு அறிவிப்பிலேயே, நாடகத்தில் நெருக்கமான காட்சியோ அடிதடியோ இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்கிறது அந்தத் தொகுப்பு. நம் ஊரில் பிரதியையே ஒத்திகை பாதி நடந்த பிறகுதான் முழுமையாகக் கையில் கொடுப்பார்கள். முத்தமிடுவது போன்ற காட்சி உண்டு என்பது அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் தெரியவரும். அப்போது முடியாது என்று சொல்பவர் நாடகத்தைக் கெடுத்தவராகிவிடுவார். இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டாலே பாதிச் சங்கடம் குறையும்.

குறையும் உண்டு. அங்கே அறக்கட்டளை நிர்வாகம், கலை இயக்குநர், தயாரிப்பு மேலாளர் என்று படிகளில் நிற்க வெவ்வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நம் குழுவில் நிறுவனர், எழுத்தாளர், இயக்குநர், பொருளாளர் எல்லாம் ஒரே மனிதர். மேடை மேலாளர் அவருடைய மைத்துனர். படிக்கட்டை அப்படியே இறக்குமதி செய்தால் எல்லாப் படியிலும் அவரே உட்கார்ந்திருப்பார். ஆகவே மேல்படி வெளியே இருக்க வேண்டும்: வேறொரு குழுவின் மூத்த உறுப்பினர், பழக்கமான வழக்கறிஞர், ஓய்வு பெற்ற ஆசிரியை என்று இரண்டு பேர் போதும். ஒருவராவது பெண்ணாக இருப்பது அவசியம். இரு குழுக்கள் பேசிவைத்து, ஒன்றுக்கு ஒன்று மேல்படியாக இருக்கலாம். ஆனால் அந்த இரு இயக்குநர்களும் நெருங்கிய நண்பர்கள் என்றால் அந்த ஏற்பாடு வெறும் மரியாதை நிமித்தம்தான்.

சட்டம் சொல்லும் குழு

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்றே பெரும்பாலான நாடகக் குழுக்கள் நினைக்கின்றன. ‘நாங்கள் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லையே’ என்பது காரணம். ஊதியம் பெறாமல், தன்னார்வமாக வேலை செய்பவரையும் ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. சங்கம், அறக்கட்டளை நடத்தும் பொழுதுபோக்குப் பணிகளும் ‘பணியிடம்’ என்பதற்குள் வருகின்றன. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் உள்ளகக் குழு அமைக்க வேண்டும்: தலைமையில் ஒரு பெண், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம்.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார், தொண்ணூறு நாளில் விசாரணை என்று காலக்கெடுவும் உண்டு. புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடத் தடை இருக்கிறது. குழுவின் வாட்ஸ்அப்பில் எல்லாமே பத்து நிமிடத்தில் அலசப்படும் நம் சூழலில் இந்தத் தடையின் மதிப்பு பெரிது.

ஆனால் இந்தச் சட்டம் பெண்கள் தரும் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு மட்டுமே. இயக்குநர் நாற்காலியைத் தூக்கி எறிந்தால், ஒரு பையனை எல்லோர் முன்னிலும் அழும்வரை திட்டினால், சாதியைச் சொல்லிக் கேலி செய்தால் இந்தக் குழுவுக்கு அதில் வேலையில்லை. சாதி வசைக்கு வேறு சட்டம் இருக்கிறது. கத்தலுக்கு எதுவும் இல்லை. ஆகவே உள்ளகக் குழுவை அமைத்ததோடு நிற்கும் நாடகக் குழுவும் பாதி வழியில்தான் நிற்கிறது.

பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் நடிக்கும் குழு என்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. அவர்கள் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ‘பெற்றோரிடம் பேசி முடித்துவிட்டோம்’ என்று சொல்லும் உரிமை எந்தக் குழுவுக்கும் கிடையாது.

பத்து நாளில் அரங்கேற்றம்

இருபது பேர் கொண்ட குழு என்னிடம் கேட்டால் சிகாகோ படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மேல்படியை வெளியே வையுங்கள், சட்டக் குழுவை அதன் பக்கத்தில் அமையுங்கள் என்பேன். உறுதிமொழியை அடுத்த நாடகத்தின் முதல் ஒத்திகையில் கூடி உட்கார்ந்து எழுதுங்கள்; பழைய தாளைப் பிரதி எடுக்க வேண்டாம். கதையின் போக்கும் காட்சியின் அமைப்பும் இயக்குநருடையவை. அதில் வாக்கெடுப்பு நடத்தச் சொல்லவில்லை.

இருந்தாலும் நான்கு வழிகளும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, பத்து நாளில் அரங்கேற்றம். அப்போது கதாநாயகன் மீது நியாயமான புகார் வருகிறது. தன்னார்வக் குழுவில் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. கையில் இருக்கும் ஒரே நடவடிக்கை, வேடத்திலிருந்து நீக்குவது. நீக்கினால் நாடகம் இல்லை. அதனால் ‘நாடகம் முடியட்டும், பேசிக்கொள்ளலாம்’ என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள்; புகார் சொன்னவரும் அதே மேடையில், அதே ஆளோடு நடிக்க வேண்டியிருக்கும். நாடகம் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடும்.

பெரிய வேடங்களுக்கு மாற்று நடிகர் ஒருவரைத் தயார் செய்து வைப்பதைக் காய்ச்சலுக்கும் விபத்துக்குமான முன்னேற்பாடாக மட்டுமே நம் குழுக்கள் பார்க்கின்றன. அதையும் பெரும்பாலும் செய்வதில்லை. வாரத்துக்கு ஓர் ஒத்திகையாவது மாற்று நடிகரை வைத்து நடத்தினால், வசனமும் நகர்வும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும். அப்போதுதான் ‘இவர் இந்த நாடகத்தில் வேண்டாம்’ என்று பிரதிநிதியோ மேல்படியில் இருப்பவரோ சொல்வதைக் குழுவால் நிறைவேற்ற முடியும். இயக்குநருக்கும் இது பொருந்தும். ஒளியமைப்புக் குறிப்பு, இசைக் குறிப்பு, மேடை நகர்வு எல்லாவற்றையும் எழுதிவைத்த ஒரு பிரதி மேடை மேலாளரிடம் இருந்தால், இயக்குநர் இல்லாமலும் திரை ஏறும்.