சிங்கப்பூரா, சிட்னியா, பெர்த்தா? செட்டிநாட்டுக் குடும்பம் எங்கே குடியேறலாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வெளிநாட்டுப் பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என் கணக்கில் அதை மூன்றாவதாகக் கேட்டால் போதும். முதலில் கேட்க வேண்டியது, அந்த நாடு நம்மைக் கடைசிவரை இருக்க விடுமா என்பது. இரண்டாவது, ஊரில் ஒரு கேதம், சாவு என்றால் எத்தனை மணி நேரத்தில் வீடு வந்து சேரலாம் என்பது.

முதல் கேள்வியை நமக்குக் கற்றுக்கொடுத்தது பர்மா. 1930-இல் நெல் விலை விழுந்து, நகரத்தாரான நம் செட்டியார்கள் அங்கே கொடுத்திருந்த கடன் திரும்பாமல் போக, அடமான நிலமெல்லாம் நம்மவர் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி வயல் செட்டியார்களிடம் இருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது பலர் போட்டது போட்டபடி கிளம்பினார்கள். 1948-இல் நில தேசியமயச் சட்டம், 1960-களில் மிச்சம் இருந்தவர்களும் வெளியேற்றம். வயல் இருந்தது, பெட்டகத்தில் பத்திரமும் இருந்தது, ஆனால் அந்த மண்ணில் குடிமகன் என்கிற உரிமை பெரும்பாலானவர்களுக்கு இல்லை. நம் வளவு வீடுகளில் நிற்கிற தேக்குத் தூண்கள் அந்தக் காலத்துக்கு முன்னாலேயே கப்பலேறி வந்துவிட்டன, அதனால் தப்பின.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என் தம்பி மகன் கேட்டது: "பெரியப்பச்சி, சிங்கப்பூரில் ஒரு வேலை கிடைக்கும் போலிருக்கு. ஆஸ்திரேலியாவுக்கும் விண்ணப்பிக்கலாம்னு சொல்றாங்க. எதுக்குப் போகட்டும்?" அவனுக்கு வயது 31, மெக்கானிக்கல் எஞ்சினியர். மனைவி நர்ஸ். நான்கு வயதில் ஒரு பையன். அவன் அக்காளைச் சென்னையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவன் அப்பச்சியும் ஆத்தாளும் (அப்பா, அம்மா) தேவகோட்டை வீட்டை விட்டு நகர மாட்டார்கள். இப்படிப்பட்ட குடும்பங்கள் நம் பக்கம் நிறைய என்பதால் அவனுக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

துபாய், தோகாவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வருமான வரி கிடையாது, சம்பாதித்துத் திரும்ப நல்ல இடம். குடியேற்றம் என்கிற கணக்கில் அவை வரவே வராது. மலேசியாவும் அப்படித்தான், கொஞ்சம் வருத்தத்தோடு சொல்கிறேன். பினாங்கில் 1857-இலேயே நகரத்தார் கோயில் எழுந்தது, 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன, சாப்பாடு, வாடகை எல்லாம் கைக்கு அடக்கம். ஆனால் இன்றைக்குப் புதிதாகப் போகிற ஒருவருக்கு நிரந்தரவாசம் கிடைப்பது அரிது. வேலை அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்தே காலம் போய்விடும்.

சிங்கப்பூருக்கு வருவோம். தூரம் என்று பார்த்தால் இதை எதுவும் அடிக்க முடியாது. காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் இரண்டு மணி நேரம், அங்கிருந்து நேரடி விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். காலையில் சேதி போனால் பெரும்பாலும் அன்று இரவோ மறுநாள் விடியலோ பிள்ளை வாசலில் வந்து நிற்பான். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் பையன் தாய்மொழிப் பாடமாகவே படிக்கலாம். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை 1859-இல் கட்டியவர்கள் நம்மவர்கள், தைப்பூசக் காவடிகள் இன்றும் அங்கேதான் வந்து சேருகின்றன. நம் நகரத்தார் பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கிற சடங்குக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

சிக்கல், இருக்க விடுவார்களா என்பதில். முதலில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்கிற வேலை அனுமதி. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறை என்றால் 6,200, வயது கூடக் கூட இந்தத் தொகையும் கூடும். 2023 செப்டம்பரிலிருந்து விண்ணப்பத்துக்குப் புள்ளி போடுகிற முறையும் சேர்ந்துகொண்டது. இந்தப் பாஸ் முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் பாஸ் ரத்தாகும், பெரும்பாலும் 30 நாள் தங்க விடுவார்கள், அதற்குள் வேறு வேலை அமைய வேண்டும். பள்ளிக்கூடம், வாடகை ஒப்பந்தம், வாங்கிய சாமான் எல்லாம் அந்த 30 நாளுக்குள் அடங்க வேண்டும்.

நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம். இத்தனை புள்ளி எடுத்தால் கிடைக்கும் என்று எழுதிவைத்த கணக்கு எதுவும் வெளியில் இல்லை, மறுத்தால் காரணமும் சொல்வதில்லை. கிடைத்துவிட்டால் வாழ்க்கை மாறும்: சேமநிதியில் முதலாளி பங்கு சேரும், மூன்று ஆண்டு கழித்து மறுவிற்பனையில் வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு, வாங்கலாம். கூடவே ஒரு கடமையும் வரும். பெற்றோர் மூலம் நிரந்தரவாசம் பெறுகிற ஆண் பிள்ளை, பதினாறரை வயதில் பதிவு செய்து, பிறகு இரண்டு ஆண்டு முழுநேர தேசிய சேவை செய்ய வேண்டும். அந்தச் சேவையை நான் குறை சொல்லவில்லை, அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் நான்கு வயதுப் பையனுக்காக இன்றைக்குப் போடுகிற கையெழுத்து, பதினான்கு ஆண்டு கழித்து அவனைச் சீருடைக்குள் நிறுத்தும். செய்யாமல் நழுவினால் பின்னாளில் அங்கே படிக்க, வேலை பார்க்க அனுமதி கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். இதை அப்பனும் ஆத்தாளும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகுதான் விண்ணப்பத்தைத் தொட வேண்டும். பெண் பிள்ளை மட்டும் உள்ள வீட்டுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

அடுத்தது ஆஸ்திரேலியா. இங்கே கணக்கு நேர் எதிர். தூரம் அதிகம், ஆனால் விதி எழுத்தில் இருக்கிறது. 45 வயதுக்குள் இருக்க வேண்டும், வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் என்று போடுகிற கணக்கில் 65 புள்ளியாவது வேண்டும், விண்ணப்பிக்க அழைப்பு வருவதென்னவோ அதற்கு மேலே எடுத்தவர்களுக்குத்தான். 189, 190 என்ற விசாக்கள் கையில் வந்தால் முதல் நாளிலிருந்தே நிரந்தரவாசி. எந்த முதலாளியும் உங்களை நாட்டை விட்டு அனுப்ப முடியாது, மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடும் உண்டு. நான்கு ஆண்டு வசித்து, அதில் கடைசி ஓராண்டு நிரந்தரவாசியாக இருந்தால் குடியுரிமை கேட்கலாம். பர்மாவில் நமக்கு இல்லாமல் போனது இந்த உரிமைதான்.

ஆஸ்திரேலியாவில் எந்த ஊர் என்பதில்தான் பலர் யோசிக்காமல் விடுகிறார்கள். எல்லோரும் சொல்வது சிட்னி. வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் போனால் கடையில் தமிழிலேயே பேசி வாங்கலாம், மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது, பள்ளி இறுதித் தேர்வில் தமிழை ஒரு பாடமாகவே எழுதலாம். ஆனால் வீட்டு விலை அந்த நாட்டிலேயே மிக அதிகம். ஊருக்கு வர இடையில் விமானம் மாறி, காத்திருந்து, கிட்டத்தட்ட ஒரு நாள் போய்விடும்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கிற பெர்த்தை நம் ஆட்கள் குறைவாகவே யோசிக்கிறார்கள். சிங்கப்பூருக்கும் பெர்த்துக்கும் ஒரே நேரம்தான், நம்மோடு இரண்டரை மணி நேரம் வித்தியாசம். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்து கூப்பிட்டாலும் இங்கே அப்பச்சி மாலைக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். பெர்த்திலிருந்து சிங்கப்பூர் ஐந்து மணி நேரம், அங்கிருந்து திருச்சி நான்கு. சென்னைக்குப் போகாமலே ஊர் வந்துவிடலாம். இன்னொன்று, 491 என்ற விசா. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதிகளுக்கானது, பெர்த்தும் அதில் அடக்கம். இதற்கு 15 புள்ளி கூடுதல். ஐந்தாண்டு விசா, மூன்றாண்டு அங்கேயே இருந்து நிபந்தனைகளை முடித்தால் 191 என்ற விசா மூலம் நிரந்தரவாசம்.

பெர்த்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்க் கூட்டம் சிட்னி அளவு இல்லை. மெக்கானிக்கல்காரனுக்குச் சம்பளம் நன்றாக வருகிற வேலைகள் பல வடக்கே பில்பராவின் இரும்புத்தாதுச் சுரங்கங்களில். இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு என்று விமானத்தில் போய் வரும் வேலை அது. சிறுபிள்ளையோடு மனைவி தனியாக இருக்க முடியுமா என்று முதலில் அவளைக் கேட்க வேண்டும். என் யோசனை, நகரத்துக்குள்ளேயே வேலை தேடி, முதல் இரண்டு ஆண்டு குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொள்வது.

பெற்றோரைக் கூட்டிப்போகும் விஷயத்தில் இரண்டு நாடுமே இறுக்கம்தான். சிங்கப்பூரில் பாஸில் இருப்பவர் பெற்றோரை நீண்டநாள் வருகை அனுமதியில் அழைக்க மாதம் 12,000 வெள்ளியாவது வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் சாதாரணப் பெற்றோர் விசாவுக்கு 30 ஆண்டுக்கு மேல் வரிசை, பணம் கட்டுகிற விசாவுக்கு ஆளுக்கு 40,000 டாலருக்கு மேல் கட்டியும் பத்தாண்டுக்கு மேல் காத்திருப்பு. பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே குடியேறியிருக்க வேண்டும் என்ற சோதனையும் உண்டு. 870 என்ற தற்காலிக விசாவில் மூன்று அல்லது ஐந்தாண்டு இருத்தலாம், மொத்தம் பத்தாண்டு வரை. எங்கள் தம்பி வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அவர்கள் வரப்போவதில்லை. அதனால்தான் மணிக்கணக்கை இவ்வளவு பார்க்கிறேன்.

குடியுரிமை மாறினால் இந்தியக் கடவுச்சீட்டு போகும், இரட்டைக் குடியுரிமை நமக்கில்லை. வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம். அந்த அட்டையில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவதைப் பெறலாம். பூர்வீக வீட்டுப் பங்குக்கும் ஆபத்தில்லை. குடும்பக் கணக்கில் நம் கோயிலுக்குக் கட்டுகிற புள்ளி வரியை எங்கிருந்தும் கட்டலாம்.

சரி, முடிவு. வயது நாற்பதைத் தாண்டியவர்கள், பெண் பிள்ளை மட்டும் உள்ளவர்கள், ஒரே பிள்ளையாகப் பிறந்து பெற்றோருக்கு உடம்பு சரியில்லாத நிலையில் இருப்பவர்கள் சிங்கப்பூருக்கே போகலாம். நிரந்தரவாசம் ஐந்தாறு ஆண்டில் கிடைக்கவில்லை என்றால் மட்டும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. தம்பி மகனுக்கு நான் சொன்னது பெர்த்.

அவன் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, ஐந்தாண்டு வெளிநாட்டு அனுபவத்துக்கு 10, ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் எல்லாப் பிரிவிலும் ஏழு எடுத்தால் 10. ஆக 65. நர்ஸ் மருமகளும் தன் தொழிலுக்கான தகுதி மதிப்பீடு வாங்கி, ஆங்கிலத் தேர்வும் எழுதினால் இன்னும் 10. 491 எடுத்தால் 15, மொத்தம் 90. ஆங்கிலத்தில் ஏழுக்குப் பதில் எட்டு எடுத்தால் மேலும் 10 ஏறும். 33 வயது பிறந்த அன்றைக்கே வயதுப் புள்ளி 30-லிருந்து 25 ஆகிவிடும், அவனுக்கு இருப்பது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. மதிப்பீட்டுக்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் கல்லூரிச் சான்றுகளையும் பழைய கம்பெனிகளின் அனுபவக் கடிதங்களையும் இந்த மாதமே திரட்டச் சொல்லியிருக்கிறேன். நர்ஸிங்குக்கும் ஆஸ்திரேலியாவில் நல்ல தேவை என்பதால், மருமகளை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.