பூப்போட்ட பீங்கான் தட்டுகள்: ஏழு ஆண்டுகளுக்குப் பின்

மகளின் புதுக்குடித்தனத்துக்கு எங்கள் வீட்டு ரோஜாப்பூ டின்னர் செட்டையே வாங்கலாமா என்று காட்பாடித் தோழி கேட்டதால் இதை எழுதுகிறேன். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாக அன்றாடம் புழங்கும் செட் அது.

தட்டைக் குறை சொல்லவே முடியாது. ஆறில் ஒன்றுகூட விளிம்பு உடையவில்லை, வெண்மை மங்கவில்லை, மஞ்சள் கறை ஒரு கழுவலில் போய்விடுகிறது. என் மனத்தாங்கல் முழுவதும் பூக்களின்மீதுதான். விளிம்பைச் சுற்றிய கொடி வாங்கிய அன்று இருந்தபடியே இருக்க, சோறும் குழம்பும் விழும் நடுப்பகுதியின் ரோஜாக்கள் மட்டும் முதலில் சிவப்பை இழந்து, பிறகு இதழ் இதழாகத் தேய்ந்து, இன்று சாம்பல் கோடுகளாக நிற்கின்றன.

இந்தப் பூக்கள் கையால் வரையப்பட்டவை அல்ல. சூளைச் சாயத்தால் தாளில் அச்சிட்ட படத்தைத் தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து வழுக்கி எடுத்து, ஏற்கெனவே மெருகு என்னும் கண்ணாடி போன்ற பூச்சு இட்டுச் சுட்ட தட்டின்மேல் ஒட்டி, அடியில் தங்கிய நீரையும் காற்றையும் வழித்துவிட்டு, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் மறுபடி சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் சாயம் மெருகின் மேற்பரப்பில் உருகிப் பிடித்துக்கொள்ளுமே தவிர உள்ளே இறங்காது. 1,200 டிகிரியை ஒட்டிச் சுட்டால்தான் மெருகுக்குள் அமிழும். என் மாமியாரின் நீலத் தட்டில் கோபால்ட் நீலப் படம் மெருகுக்கு அடியிலேயே அச்சிடப்பட்டிருப்பதால், இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு கோடுகூட அழியவில்லை.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. ஞாயிறுதோறும் பிரியாணியோடு புளி சேர்ந்த கத்தரிக்காயை அதில் பரிமாறி, காயவிட்டு, முதல் இரண்டு ஆண்டுகள் கம்பி நாரால் தேய்த்தோம். புளிப்பும் காரத்தன்மையுள்ள சோப்பும் மேற்சாயத்தை அரிக்கும். ஆனாலும், சாப்பிடும் தட்டில் புளி படக்கூடாது என்றால் அதைப் பெட்டியின்மேல் ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? விற்றவரும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. சிவப்பு, மஞ்சள் சாயங்களில் காட்மியமும், மேற்சாயங்களில் ஈயமும் சேர்க்கப்படுவது உண்டு என்று அறிந்தபின், தேய்ந்த தட்டுகளில் புளிப்பான எதையும் நான் வைப்பதில்லை.

வாங்குமுன் படத்தின் ஓரத்தில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால் அது மேலே ஒட்டியது. தட்டின் உறுதிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். இருந்தும் வாங்க வேண்டாம் என்றே தோழிக்குச் சொல்லிவிட்டேன். நடுவில் பூவே இல்லாத வெள்ளைத் தட்டு போதும்.