எறிவது முதலா, பிடிப்பது முதலா? பள்ளிப் பிள்ளைகளுக்கு டிஸ்க் சொல்லித் தருவது பற்றி

ஒரு வகுப்புப் பிள்ளைகளிடம் பிளையிங் டிஸ்க்கை, அதாவது ஃபிரிஸ்பீ என்று பலரும் சொல்லும் சுழற்றி எறிகிற வட்டத் தட்டைக் கொடுத்தால் முதல் நிமிடத்திலேயே எல்லாரும் எறிவார்கள், பிடிக்கத்தான் ஆள் இருக்காது. எறிவதைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருமுறை பத்து வயதுப் பெண் ஒருத்தி, தட்டு தன் பக்கம் வந்ததுமே முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு கையை மட்டும் எங்கோ நீட்டினாள். தட்டின் விளிம்பு விரல் நுனியில் பட்டது. அந்த பீரியட் முழுக்க அவள் எறிந்தாளே தவிர, பிடிக்க வரவே இல்லை. அதற்கப்புறம் எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: எதிரே நிற்கிற பிள்ளையால் இதைப் பிடிக்க முடியுமா?

முதலில் டிஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். அல்டிமேட் என்பது இரண்டு அணிகள் டிஸ்க்கை எறிந்து கைமாற்றி, எதிர் முனைப் பகுதிக்குள் பிடித்துப் புள்ளி எடுக்கும் ஆட்டம். அதில் பெரியவர்கள் ஆடுவது 175 கிராம், குறுக்களவு சுமார் 27 சென்டிமீட்டர். காற்றில் அசையாமல் போகும், நேராக எறிந்தால் நேராகவே போகும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் உள்ளங்கைக்கு அது பெரிது. வேகமாக வந்து பட்டால் வலிக்கவும் செய்யும். இதற்கு நேர் எதிர், துணி அல்லது ஸ்பாஞ்ச் தட்டு. முகத்தில் பட்டாலும் பயமில்லை. ஆனால் அது சரியாகச் சுழலாது. சுழற்சி இல்லாத தட்டு தள்ளாடித்தான் போகும், பிள்ளை தன் எறிதான் தவறு என்று நினைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் சிறுவர்களுக்கென்றே 145 கிராம் அளவில் டிஸ்க் வருகிறது. என் ஓட்டு அதற்குத்தான். துணித் தட்டு முதல் ஒரு வகுப்புக்கு, பயம் தெளிய மட்டும். பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு நேராக 175 கொடுத்துவிடலாம். பரிசுப் பொருளாக வரும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு மட்டும் வேண்டாம், லேசான காற்றுக்கே அது பக்கத்து மைதானத்துக்குப் போய்விடும்.

எறிவதில் பேக்ஹேண்டா (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிவது), ஃபோர்ஹேண்டா (எறியும் கையின் பக்கத்திலிருந்தே எறிவது)? இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பேக்ஹேண்ட் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாதி தெரியும்: கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் விளிம்புக்கு அடியில் மடங்கி, பக்கவாட்டில் நின்று, ஈரத் துண்டை உதறுவது போல மணிக்கட்டைச் சுண்டினால் போதும். “துண்டை உதறு” என்று சொன்னதும் பாதி வகுப்பு பிடித்துக்கொள்ளும். ஃபோர்ஹேண்ட் அப்படியில்லை. நடுவிரலை உள்விளிம்பில் அழுத்தி, முழங்கையை இடுப்போரம் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்கச் சுண்ட வேண்டும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்த விட்ட பிள்ளைக்கு அது சீக்கிரம் வரும். மற்றவர்கள் முழுக் கையையும் வீசுவார்கள், தட்டு சுழலாமல் குலுங்கிக்கொண்டே போய் விழும்.

ஃபோர்ஹேண்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆட்டம் என்று வந்தால், எதிராளி ஒரு பக்கத்தை மறித்து நின்றதும் பேக்ஹேண்ட் மட்டும் தெரிந்தவர் மாட்டிக்கொள்வார். அதனால் அதை ஒதுக்கி வைக்காமல், பேக்ஹேண்டில் பத்து எறிக்குக் குறைந்தது ஏழு தப்பாமல் போகிற நிலை வந்ததும் தொடங்குகிறேன்.

பேக்ஹேண்டில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. தட்டை விடும்போது கைக்கு எதிர்ப்பக்க விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும். வலது கைக்காரர் என்றால் தட்டு வலப்பக்கமாக வளைந்து ஓடும். பலமாக எறிவதால் அப்படி ஆகிறது என்று நினைத்துப் பிள்ளை அடுத்த முறை மெதுவாக எறியும், சுழற்சி குறைந்து இன்னும் மோசமாகும். அந்த விளிம்பைச் சற்றே தாழ்த்தச் சொன்னால் போதும். இடது கைப் பிள்ளைக்கு எல்லாமே மறுபக்கம். அதை நினைவில் வைக்காமல் நான் ஒரு பையனை இரண்டு வாரம் குழப்பியிருக்கிறேன்.

பிடிப்பதிலும் இரண்டு வழி. ஒரு கை மேலே, ஒரு கை கீழே, முதலை வாயை மூடுவது போல இரு உள்ளங்கையும் சேர்த்து அமுக்குவது ஒன்று. இதை பான்கேக் பிடி என்பார்கள். மற்றது இரு கையாலும் விளிம்பைக் கவ்வுவது: மார்புக்கு மேல் வந்தால் கட்டைவிரல் தட்டுக்கு அடியில், இடுப்புக்குக் கீழ் வந்தால் கட்டைவிரல் மேலே. ஓடிக்கொண்டே பிடிக்கவும், எட்டிப் பிடிக்கவும் இரண்டாவதுதான் உதவும். ஆனால் தொடக்கத்தில் பான்கேக்கை விட்டால் வேறு வழியில்லை. கணக்குத் தப்பினாலும் உள்ளங்கை பெரிது, தட்டு எங்கோ அகப்பட்டுக்கொள்ளும். முதல் நாள் ஐந்து மீட்டர் தூரத்தில் நின்று, மார்புக்கு நேராக வரும் தட்டுகளை மட்டும். நீட்டிய கைக்கு எட்டாததைத் துரத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பயிற்சியா, ஆட்டமா என்ற சண்டை. வரிசையில் நிறுத்தி ஒரே டிஸ்க்கை மாறி மாறி எறிய வைப்பது ஒழுங்காகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 நிமிட பீரியட், 30 பிள்ளைகள், 10 விநாடிக்கு ஓர் எறி. ஆளுக்கு 8 எறிதான். அதே நேரத்தில் ஜோடி ஜோடியாக 15 டிஸ்க் கொடுத்தால் ஆளுக்கு 120. பாதி நேரம் தட்டைப் பொறுக்கவே போய்விட்டாலும் 60. அவ்வளவு டிஸ்க் இல்லையென்றால், நான்கு பேருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், வரிசை மட்டும் வேண்டாம்.

முதல் வாரத்திலேயே ஏழு பேர் அணி பிரித்து முழு அல்டிமேட் ஆட வைப்பவர்களும் உண்டு. 1968-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பள்ளி மாணவர்களே உருவாக்கிய ஆட்டம் அது, நடுவர் இல்லாமல் தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்வதுதான் அதன் அழகு. ஆனால் பிடிக்கத் தெரியாத அணியில் இரண்டு பேர் மட்டும் ஆடுவார்கள், மீதி ஐந்து பேர் ஓடுவார்கள். மூன்றுக்கு மூன்று வையுங்கள். டிஸ்க் கையிலிருந்தால் ஓடக்கூடாது, பத்து எண்ணுவதற்குள் விட வேண்டும், கீழே விழுந்தால் எதிரணிக்கு. இந்த மூன்று விதி போதும். ஒளிந்து நிற்க இடமில்லாத ஆட்டம் என்பதால், முகத்தைத் தோளில் புதைத்த அந்தப் பெண்ணும் மூன்றாவது வாரம் இப்படித்தான் ஆடினாள். தட்டு வந்தது, கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், இரண்டு கையும் அறைந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.